பாலத்தூணும் நீர்ச்சுழியும்

கள்ளக்குறிச்சி நகரில், கருணாபுரம் போன்ற பகுதிகளில் வாழும் மாணவர்களுக்குக் கோமுகி ஆறு புதிதல்ல. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, நகரை ஒட்டிச் சென்று, பின்னர் மணிமுக்தா ஆற்றில் கலக்கும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் புதரும்தான் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நல்ல மழை பிடித்தால் செந்நிற வெள்ளம் வரும். அப்போது பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். தூணுக்குப் பின்னால், அதாவது நீர் போகும் பக்கத்தில், தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். ஒரு சுழி இடப்பக்கம் தோன்றி நகர்ந்து போகும். அடுத்தது வலப்பக்கம் தோன்றும். பிறகு மீண்டும் இடப்பக்கம். மிதந்து வரும் வாழைமரம் ஒன்று அந்த வரிசையைக் குலைத்துவிட்டுப் போனாலும், சிறிது நேரத்தில் பழையபடியே இடம், வலம், இடம், வலம் என்று சுழிகள் புறப்பட்டுவிடும்.

குலைந்த வரிசை தானே எப்படிச் சரியாகிறது? இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது. ஆனால் மனித உயிர் சம்பந்தப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு தூணடிக்குப் போய்ப் பார்த்தால் மணல் பல இடங்களில் ஏறக்குறையச் சமமாகவே கிடக்கிறது. வெள்ளம் ஓடியபோதும் அது அப்படித்தான் கிடந்ததா? இல்லை. ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட குழி ஒன்று அங்கே தோன்றி, யாரும் பார்க்காமலேயே மூடிக்கொண்டிருக்கலாம். அந்தக் குழியைத் தோண்டுவதும் சுழிதான். அதற்குப் போகுமுன் முதல் கேள்வியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துச் சோதித்துவிடுவோம்.

குழந்தைகளைக் குளிப்பாட்டும் நீளமான தொட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கருநீலம் போன்ற அடர்ந்த நிறமாக இருந்தால் நல்லது. 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைப் பெரும்பாலான மாணவர்கள் ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுவார்கள். சோதனை கெடுவது அங்கேதான். பிறகு முகப்பவுடரை மிக மெல்லியதாகத் தூவுங்கள். தூள் அதிகமானால் பாலாடை போலப் படிந்து நீரின் அசைவையே கட்டிவிடும். இப்போது 1 செ.மீ. பருமனுள்ள பேனா ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அடிவரை நீரில் இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் நகர்த்துங்கள். வேகம் விநாடிக்கு 5 செ.மீ. இருக்கட்டும். அதாவது 60 செ.மீ. நீளத்தை 12 விநாடியில் கடக்க வேண்டும். நண்பர் ஒருவர் விநாடிகளை உரக்க எண்ணினால் வேகம் சீராக அமையும்.

பேனா போன தடத்தில் பவுடர் சுருள்சுருளாகத் திரண்டிருப்பதைக் காண்பீர்கள். பேனா போன திசையை நோக்கி நின்று பார்த்தால், இடப்பக்க வரிசையில் உள்ளவை எல்லாம் இடஞ்சுழிகள்; வலப்பக்க வரிசையில் உள்ளவை எல்லாம் வலஞ்சுழிகள். ஒரு பக்கத்துச் சுழி எதிர்ப்பக்கத்தில் இரண்டு சுழிகளின் நடுவே அமைந்திருக்கும். சாலையின் இருபுறமும் மரங்களை எதிரெதிராக நடாமல் மாற்றி மாற்றி நட்டது போன்ற அமைப்பு. ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழிகளுக்கு இடையே 4 முதல் 5 செ.மீ. தூரம் இருக்கும்.

இனி, குலைத்துப் பாருங்கள். பேனா பாதி வழி போனதும், அதை நிறுத்தாமலேயே, நண்பர் ஐஸ் குச்சியால் பேனாவின் பின்புறத்தைக் கலக்கிவிடட்டும். கலக்கிய இடத்தில் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் பேனா இன்னும் 10, 15 செ.மீ. போனதும் புதிய தடத்தில் அதே வரிசை, அதே இடைவெளியோடு மீண்டும் தொடங்கும்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சுழியை ஒரு பொருளாக நினைத்துக்கொண்டால் வியப்புத்தான். உடைந்த பானை தானே ஒட்டிக்கொள்ளாது. ஆனால் சுழி ஒரு பொருள் அன்று; அது நீர் இயங்கும் விதம். கும்மி அடிக்கும் பெண்கள் களைத்தபோது ஒருவர் வெளியே வருவார், வேறொருவர் உள்ளே போவார். வட்டம் மட்டும் நிற்கும். வட்டம் கலைந்தாலும், பாட்டும் தாளமும் நிற்காதவரை மறுபடி கூடிவிடும். சுழிக்குத் தாளம் எது என்று கண்டுபிடிப்பதே இங்கு நமது வேலை.

பேனாவை வைத்துவிட்டு, தென்னை ஈர்க்கு ஒன்றை எடுங்கள். அதன் பருமன் சுமார் 2 மி.மீ. அதை விநாடிக்கு 1 செ.மீ. வேகத்தில், எறும்பு ஊர்வது போல நகர்த்துங்கள். இப்போது சுழி வரிசை தோன்றாது. நீர் ஈர்க்கின் இருபுறமும் பிரிந்து, பின்னால் அமைதியாகச் சேர்ந்துகொள்ளும். வரிச்சீர் ஓட்டம் என்று உங்கள் பாடநூல் சொல்வதற்கு மிக நெருங்கிய நிலை இது. இரண்டு சோதனைகளிலும் தண்ணீர் அதே தண்ணீர்தான். மாறியவை வேகமும் பருமனும் மட்டுமே.

இந்த மாற்றத்தை ஒரே எண்ணால் சொல்லலாம் என்று காட்டியவர் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். கண்ணாடிக் குழாயில் சாய நீரை விட்டு 1883இல் அவர் வெளியிட்ட சோதனைகள் புகழ்பெற்றவை. வேகத்தையும் பருமனையும் பெருக்கி, திரவத்தின் இயங்கு பாகுநிலையால் வகுத்தால் கிடைப்பதே ரெனால்ட்ஸ் எண். செ.மீ., விநாடி அலகுகளில் தண்ணீரின் இயங்கு பாகுநிலை சுமார் 0.01. ஈர்க்குக்கு 1 × 0.2 ÷ 0.01 = 20. பேனாவுக்கு 5 × 1 ÷ 0.01 = 500. உருளை வடிவப் பொருள்களுக்குப் பின்னால் சுழிகள் கழன்று போகத் தொடங்குவது இந்த எண் 47ஐ ஒட்டி வரும்போது. 20 அதற்குக் கீழே, 500 அதற்கு வெகு மேலே. இனி நீங்களே ஒரு பென்சிலுக்கு எந்த வேகத்தில் வரிசை தொடங்கும் என்று கணக்கிட்டுச் சோதிக்கலாம்.

திரவத்தை மாற்றினாலும் இதே கதைதான். விளக்கெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப் போல் பல நூறு மடங்கு. அதில் அதே பேனாவை அதே வேகத்தில் நகர்த்தினால் ரெனால்ட்ஸ் எண் 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போய்விடும். ஒரு சுழியும் கழன்று வராது. இத்தகைய கெட்டித் திரவத்துக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய அறிவியலார் 1960களில் ஒரு கல்விப் படத்தில் அதைக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளுக்கு இடையே கிளிசரினை நிரப்பி, அதில் ஒரு பொட்டுச் சாயத்தை இட்டு, உள் உருளையைச் சில சுற்றுகள் திருப்பினார். சாயம் இழுபட்டுக் கரைந்து மறைந்தது போலாயிற்று. பிறகு அதே எண்ணிக்கை சுற்றுகள் எதிர்த்திசையில் திருப்பினார். மறைந்த சாயம் மீண்டும் பொட்டாகத் திரண்டது! இதுவும் ஒருவகை மீட்சிதான். ஆனால் தண்ணீர்ச் சுழியின் மீட்சி வேறு. கிளிசரின் வந்த வழியே திரும்பிப் போகிறது. நாம் திருப்பினால்தான் அதுவும் நடக்கும். தண்ணீரில் வந்த வழி அழிந்தே போகிறது. பழைய சுழி திரும்பி வருவதில்லை. அதே அச்சில் வார்த்ததுபோல் புதிய சுழி பிறக்கிறது.

அந்த அச்சு எது? தூணை ஒட்டிச் செல்லும் நீர் உராய்வினால் வேகம் குறைகிறது. சற்றுத் தள்ளிச் செல்லும் நீர் வேகம் குறையாமல் போகிறது. தூணின் பின்பக்கம் வளைய வேண்டிய இடத்தில் வேகம் குன்றிய நீரால் ஒட்டிக்கொண்டு வளைய முடிவதில்லை. பிரிந்து, உள்நோக்கிச் சுருள்கிறது. இப்படி இருபுறமும் இரண்டு சுருள்கள் வளரப் பார்க்கின்றன. இரண்டும் சரிசமமாக வளர்ந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடலாம். ஆனால் இம்மியளவு வேறுபாடு வந்தாலும் ஒன்று முந்திக்கொள்கிறது. இடப்பக்கச் சுழி பெரிதானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் சுழற்சியால் வலப்பக்கத்து நீரையும் தூணின் பின்புறம் வழியாகத் தன் பக்கம் இழுக்கிறது. வலப்பக்கத்து நீரின் சுழற்சியோ எதிர்த்திசை. அது குறுக்கே புகுந்ததும் இடப்பக்கச் சுழிக்கு வந்துகொண்டிருந்த நீர்வரத்து அறுபடுகிறது. சுழி கழன்று ஆற்றோடு போகிறது. இப்போது குறுக்கே வந்த நீர் தன் பங்குக்குச் சுருண்டு வளர்கிறது. வளர்ந்து, இடப்பக்கத்து நீரை இழுத்து, தன்னையே அறுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுழியும் பெரிதாகும்போதே தன் முடிவையும் அடுத்த சுழியின் தொடக்கத்தையும் வரவழைத்துக்கொள்கிறது. அதனால்தான் நீங்கள் கலக்கிவிட்டாலும் கவலையில்லை. தூண் அங்கே இருக்கிறது. நீர் வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து தொடங்கினாலும் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் அறுக்கும், வரிசை அமைந்துவிடும்.

இந்த ஒழுங்கை ஒரு குறையாக நினைத்துப் போராடியவர் ஒருவர் உண்டு. 1911இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், புகழ்பெற்ற பிராண்டிலின் ஆய்வகத்தில் ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், நீர் ஓடும் கால்வாயில் ஓர் உருளையை நிறுத்தி அதன்மேல் அழுத்தத்தை அளக்க முயன்றார். ஓட்டம் நிலையாக நிற்கவில்லை. இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை போலும் என்றார் பிராண்டில். ஹீமென்ஸ் உருளையைத் தேய்த்துத் தேய்த்துச் செம்மையாக்கினார். ஆட்டம் நிற்கவில்லை. கால்வாய் இருபுறமும் ஒரேமாதிரி இல்லையோ என்ற ஐயம் வந்தது. அதையும் சரிசெய்தார். அப்போதும் ஆடியது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த இளைஞர் தியோடர் வான் கார்மன் நாள்தோறும் காலையில் ஓட்டம் நிலைபெற்றதா என்று விசாரிப்பாராம். எப்போதும் ஆடுகிறது என்பதே பதில். எவ்வளவு செம்மைப்படுத்தியும் ஒன்று ஆடுகிறதென்றால் அதற்கு இயற்கையான காரணம் இருந்தாக வேண்டும் என்று எண்ணிய கார்மன் கணக்கில் இறங்கினார். சுழிகள் எதிரெதிராக அமைந்தால் நிலைக்காது. சிறு அசைவும் அவற்றைக் குலைத்துவிடும். மாற்றி மாற்றி அமைந்து, இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள அகலம் ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழிகளின் தூரத்தில் 0.28 பங்கு இருந்தால் மட்டும் நிலைக்கும் என்று அவர் கண்டார். உங்கள் தொட்டியில் அளந்து பார்க்கக்கூடிய எண் இது. அச்சாக 0.28 வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். கார்மனின் கணக்கு பாகுநிலையே இல்லாத திரவத்துக்கானது.

அன்று முதல் இவ்வரிசைக்குக் கார்மன் சுழித்தெரு என்று பெயர். ஆனால் பிரான்சு நாட்டு ஹென்றி பெனார் 1908இலேயே இதைப் பற்றி வெளியிட்டிருந்தார். தம் பெயர் விடுபட்டதில் அவருக்கு வருத்தம். கார்மன் அதற்குச் சொன்ன சமாதானம் வேடிக்கையானது: லண்டனிலும் பெர்லினிலும் கார்மன் தெரு என்றே இருக்கட்டும், பாரிசில் மட்டும் பெனார் பெருஞ்சாலை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சுழிகள் எத்தனை வேகமாகக் கழல்கின்றன என்பது இவர்களுக்கும் முன்பே, 1878இல், செக் நாட்டு இயற்பியலார் ஸ்ட்ரூஹால் காதால் கேட்டு அறிந்த செய்தி. கம்பியைக் காற்றில் வேகமாகச் சுழற்றினால் ஒலி எழும் அல்லவா? அந்த ஒலியின் அதிர்வெண் காற்றின் வேகத்தையும் கம்பியின் பருமனையும் மட்டுமே பொறுத்தது என்று அவர் கண்டார். ஒரே பக்கத்தில் விநாடிக்கு எத்தனை சுழிகள் கழல்கின்றன என்பதை அறிய, வேகத்தைப் பருமனால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் போதும். தொட்டியில் உங்கள் பேனாவுக்கு 0.2 × 5 ÷ 1 = 1; அதாவது பக்கத்துக்கு விநாடிக்கு ஒரு சுழி. 1 செ.மீ. பருமனுள்ள மின்கம்பியில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று மோதினால் விநாடிக்கு 100 அதிர்வுகள். கம்பி முரலுவது கேட்கும். உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு அருகே கம்பியில் சிறு கர்லாக்கட்டை போன்ற எடைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சுழிகள் கம்பியை ஆட்டி ஆட்டி அறுத்துவிடாமல் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளவே அவை தொங்குகின்றன.

இந்த 0.2 என்ற எண்ணை நீங்களே கண்டுபிடிக்கப் பம்புசெட் வாய்க்கால் போதும். முழங்காலுக்குக் கீழ் ஆழமுள்ள, நேராக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். 3 மீட்டர் தூரத்தை ஓர் இலை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். 5 செ.மீ. பருமனுள்ள கம்பு ஒன்றைச் செங்குத்தாக நட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் கழலும் சுழிகளை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நீர் விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 72 சுழிகளை ஒட்டி வர வேண்டும். கணக்கைப் பாலத்துக்குக் கொண்டுபோனால், 1.5 மீட்டர் அகலத் தூணும் விநாடிக்கு 2 மீட்டர் வெள்ளமும் சேர்ந்து, பக்கத்துக்கு ஏறக்குறைய 4 விநாடிக்கு ஒரு சுழியைத் தரும். ரெனால்ட்ஸ் எண் மிகப் பெரிதாகும்போது 0.2 சற்று மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதுவரை தூணின் பின்புறத்தையே பார்த்தோம். மண்ணைத் தோண்டும் முக்கியமான சுழி தூணின் முன்புறத்தில், நீருக்கு அடியில் இருக்கிறது. பாலத்தின் மேல் நிற்பவர்களுக்கு அது தெரியாது.

ஆற்றில் மேற்பரப்பு நீர் வேகமாகவும் அடிநீர் மணலின் உராய்வால் மெதுவாகவும் ஓடுகிறது. மேலே விநாடிக்கு 2 மீட்டர், அடியருகே 1 மீட்டர் என்று கொள்வோம். ஓடும் நீர் தூணின் முகத்தில் மோதி நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது. பெர்னூலி விதிப்படி மேலே இந்த அழுத்தம் 20 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம்; கீழே 5 செ.மீ. மட்டுமே. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் பாயும். எனவே தூணின் முகத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு நீர்த்தாரை இறங்கி மணலில் குத்துகிறது. குத்திய நீர் முன்னோக்கிப் புரண்டு, வரும் வெள்ளத்தால் மடக்கப்பட்டு, உருளும் சுழியாகி, தூணின் இருபுறமும் வளைந்து போகிறது. மேலிருந்து பார்க்க முடிந்தால் மாட்டு வண்டிக் காளைக்கு அடிக்கும் லாடத்தைப் போலன்றி, குதிரை லாடம் போல இருக்கும். பெயரும் லாடச் சுழிதான். இது மணலைக் கிளப்பிவிடுகிறது. பின்புறச் சுழிகள் அதை வாரிக்கொண்டு போகின்றன. தோண்டுபவர் ஒருவர், கூடை சுமப்பவர் ஒருவர்.

குழி எவ்வளவு ஆழம் போகும்? மணல் ஆற்றில் தூணின் அகலத்தைப் போல் 2 மடங்கு வரை, சில சமயம் அதற்குச் சற்று மேலும் போகலாம். 1.5 மீட்டர் அகலத் தூணின் அடியில் 3 மீட்டர் பள்ளம்! நம் நாட்டில் இதை அளந்து அறிந்த வரலாறு உண்டு. ஜெரால்டு லேசி என்ற பொறியாளர் வட இந்தியக் கால்வாய்களை ஆராய்ந்து, வெள்ளத்தின் அளவையும் மணலின் பருமனையும் கொண்டு ஆற்றுப்படுகை எவ்வளவு ஆழம் அரிக்கப்படும் என்று கணக்கிடும் வாய்பாட்டை 1930இல் தந்தார். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கிளாட் இங்கிலிஸ் 1940களில் வட இந்தியாவின் 17 பாலங்களின் அளவுகளைத் தொகுத்துப் பார்த்தார். வெள்ள மட்டத்திலிருந்து அளந்தால், தூணருகே அரிப்பு லேசி ஆழத்தைப் போல் ஏறக்குறைய 2 மடங்கு என்று தெரிந்தது. இன்றும் இந்தியப் பொறியாளர்கள் இந்த 2 மடங்கையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். லேசி ஆழம் 4 மீட்டர் என்றால் அரிப்பு 8 மீட்டர் வரை வரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் கீழே அதன் மூன்றில் ஒரு பங்கு தூரம் அஸ்திவாரத்தை இறக்குவார்கள். மணற்பாங்கான ஆறுகளில் கிணறு போன்ற உறைகளை இறக்கி அஸ்திவாரம் போடுவது இதற்காகவே.

கணக்கு தவறினாலோ, ஆற்றின் நிலைமை மாறினாலோ என்ன ஆகும்? 1956 நவம்பர் 23 அன்று அதிகாலை அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தையொட்டிய மண்ணை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1987 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஷோஹாரி ஓடைப் பாலம் தூணடி அரிப்பால் விழுந்து 10 பேர் இறந்தார்கள். திருச்சி அருகே கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே புதிய பாலத்துக்கு மாறியிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இவ்வளவு ஆழமான குழி வெள்ளம் வடிந்ததும் எங்கே போகிறது? வெள்ளம் ஏறும்போது சுழி வலுக்கிறது. குழிக்குள் வந்து விழும் மணலைவிட வெளியேறும் மணல் அதிகம். வெள்ளம் இறங்கும்போது சுழி தளர்கிறது. மணலைக் குழியிலிருந்து மேலே தூக்கும் வலு அதற்கு இல்லை. ஆனால் மேற்புறத்திலிருந்து படுகையோடு உருண்டு வரும் மணல் இன்னும் நிற்கவில்லை. அது குழிக்குள் விழுந்து நிரப்பிவிடுகிறது. சுழி வரிசை எப்படித் தன்னைத் தானே சீர்செய்துகொண்டதோ, அப்படியே ஆற்றுப்படுகையும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. முதல் மீட்சி நமக்குக் காட்சி. இரண்டாவது மீட்சி நம் கண்ணை மறைக்கிறது. கோடையில் போய்ப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். நிரம்பிய மணலோ கெட்டிப்படாத பொலபொலத்த மணல். அடுத்த வெள்ளத்துக்கு அதைத் தோண்டுவது முன்னைவிட எளிது.

இன்னொன்றும் உண்டு. இந்த மீட்சி மேலிருந்து மணல் வரும்வரைதான் நடக்கும். ஆற்றில் அணை கட்டினால் மணல் அணைக்குள் தங்கிவிடுகிறது; கீழே வருவது பெரும்பாலும் மணலற்ற நீர். படுகையில் மணலை அளவுக்கு மீறி அள்ளினாலும் இதே நிலைதான். படுகையே தாழ்ந்து அஸ்திவாரம் வெளியே தெரியத் தொடங்கும். அப்போது தோண்டிய குழி மூடாமல் நிற்கும்; அடுத்த வெள்ளம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தெளிந்த நீர் தேங்கி நிற்கும் தூணடியில் குளிக்க இறங்குபவர்கள் திடீரென்று கழுத்தளவைத் தாண்டிய மடுவில் மாட்டிக்கொள்வது இதனால்தான். இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் காலுக்குத் தரை கிட்டாது. சரிவு முழுவதும் நெகிழ் மணல் என்பதால் திரும்பி ஏறுவதும் கடினம். நீச்சல் தெரிந்தவர்களும் தூணருகே இறங்கக் கூடாது.

மூடிய குழி எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று பின்னர் அறிய முடியுமா? முடியும். எளிய வழி, சங்கிலி. கோடையில் படுகை மணலுக்குள் ஒரு சங்கிலியைச் செங்குத்தாக இறக்கிப் புதைத்துவிடுவார்கள். வெள்ளம் மணலை அரிக்கும்போது, வெளிப்பட்ட கண்ணிகள் நிற்க முடியாமல் சாய்ந்து படுத்துவிடும். பிறகு அவற்றின் மேல் புது மணல் மூடும். வெள்ளம் வடிந்தபின் தோண்டிப் பார்த்தால் சங்கிலி எந்த ஆழத்தில் மடிந்திருக்கிறதோ, அதுவே வெள்ளம் அரித்த ஆழம். மின்னணுக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்திலும் இதைவிட அழகான அளவுகருவியை நான் பார்த்ததில்லை.

இதையும் வாய்க்காலில் செய்து பார்க்கலாம். நிலத்துக்காரரின் அனுமதியோடு, அடியில் கனமாக மணல் படிந்துள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீரை அடைத்துவிட்டு, ஒரு லிட்டர் புட்டியில் மணலை நிரப்பி, பாதிக்கு மேல் மணலுக்குள் அழுந்தும்படி நிமிர்த்தி நடுங்கள். அதன் முன்புறத்தில், புட்டியை ஒட்டினாற்போல, மலிவான உலோகச் சங்கிலி ஒன்றைக் கம்பியின் உதவியால் செங்குத்தாக இறக்குங்கள். மேல் முனை மணல் மட்டத்தோடு இருக்கட்டும். மடையைத் திறந்து அரை மணி நேரம் நீரை ஓடவிடுங்கள். மணல் முதலில் அரிபடுவது புட்டியின் பின்னால் அன்று, முன்னால் என்பதை விரலால் தடவியே உணரலாம். பிறகு மடையைச் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டே, புட்டிக்கு ஒரு மீட்டர் மேலே கைப்பிடி கைப்பிடியாக மணலைத் தூவி வாருங்கள். ஆறு தானே செய்வதை இங்கே நாம் கையால் செய்கிறோம். நீர் நின்றதும் புட்டியைச் சுற்றி மணல் ஏறக்குறையச் சமமாகியிருக்கும்.

கவனமாகப் பக்கவாட்டில் தோண்டிச் சங்கிலி மடிந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். மணல் மட்டத்திலிருந்து அதன் ஆழத்தை அளந்து புட்டியின் விட்டத்தால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதே சோதனையை ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் என்று வெவ்வேறு நாள்களில் செய்து, நேரத்துக்கு எதிராக ஆழத்தை வரைபடத்தாளில் குறியுங்கள். நேரம் இருமடங்கானால் ஆழம் இருமடங்காகாது. கோடு முதலில் செங்குத்தாக ஏறி, போகப் போகப் படுத்துவிடும். குழி ஆழமாக ஆக, அதற்குள் சுழலும் நீருக்கு மணலைத் தூக்கும் வலு குறைந்துகொண்டே வருகிறது.